வாசல் பலகையில் ஒரு சைபர்

எங்கள் மின் நிலையத்தின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. கொதிகலன் அணையாமல் ஓடிய நாட்களின் எண்ணிக்கையை வாசல் காவலர் தினமும் சாக்பீஸால் அதில் மாற்றி எழுதுவார். அந்தக் கொதிகலனை ஓட்டுகிறவன் நான். ஒரு வருடம் நிறைய இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. வேலைக்கு வரும்போதெல்லாம் பலகையைப் பார்த்து நான் மீசையை முறுக்குவதாகச் சொல்கிறார்கள். எனக்கு மீசையே கிடையாது. இருந்தால் முறுக்கியிருப்பேன்.

பெருமைப்பட இன்னொன்றும் உண்டு. நிலக்கரிச் சோதனைக்கூடத்தின் தலைமை வேதியியலாளர் என் மனைவி. அவள் சரியென்று சொல்லாமல் ஒரு துண்டுக் கரிகூட என் கொதிகலனுக்குள் போகாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் எடுக்கும் பாடம் எனக்கு மனப்பாடம்.

"நிலக்கரின்னா ஒரு கூட்டுக்குடும்பம். கார்பன் சம்பாதிக்கிற மூத்த பிள்ளை. ஹைட்ரஜன் அவனுக்குத் தோள் கொடுக்கிற தம்பி. ஈரம், உக்காந்து சாப்பிடுற சித்தப்பா. களிமண்ணும் மணலும் எல்லாரும் போன பிறகும் சாம்பலா தங்கிடுற விருந்தாளிங்க. பாதரசம், ஆர்சனிக்கெல்லாம் மூலையில சத்தமில்லாம இருக்கும், ஆனா விஷம். கந்தகம் இருக்கே, அது கோள்மூட்டுற மாமா. வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் சாது. புகையா வெளிய போனா ஊரையே கெடுத்துடும்."

வெறும் வேடிக்கையல்ல அது. கந்தகப் புகை காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகிவிடும். முன்பொரு முறை கொடியில் காய்ந்த துணியிலெல்லாம் பொத்தல் விழுந்தது. தக்காளிச் செடிகள் கருகின. தெருவுக்குத் தெரு பிள்ளைகள் இருமினார்கள். அதன் பிறகுதான் புகையைக் கழுவும் கோபுரம் கட்டினோம். அந்தக் கோபுரம் இப்போது பழுதுபார்ப்பில் இருந்தது. அது சரியாகும்வரை கந்தகம் குறைந்த கரியை மட்டுமே எரிக்க வேண்டும்.

அன்று காலை, புதிய சுரங்கம் ஒன்றிலிருந்து ரயில் வந்தது. கையிருப்புக் கரி சாயங்காலம்வரைதான் தாங்கும். இதை விட்டால் மறுநாள்தான் அடுத்த ரயில். வழக்கம்போல என் மனைவி பெட்டிகளின் மேலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தாள். கந்தகம் அளவுக்குள் இருந்தது. சரியென்றாள். எனக்கு உயிர் வந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு நானும் அவளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். வறுத்த கடலை டப்பாவைத் திறந்து வாயில் போட்டேன்.

"என்ன மேடம், உப்பே இல்ல?"

"போட்டேனே. குடுங்க." டப்பாவைத் துழாவினாள். உப்பு முழுக்க அடியில் கிடந்தது. "உங்க சைக்கிள்ல குலுங்கினா எல்லாம் கீழதான் போ..."

பாதியில் நிறுத்தினாள்.

"ஐயோ, மேல இருந்து மட்டும்தானே எடுத்தோம்!"

டப்பாவை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். கடலையைச் சிந்திக்கொண்டே நானும் ஓடினேன்.

ஒரு ரயில் பெட்டியின் அடிக்கதவைக் கொஞ்சம் திறக்கச் சொன்னாள். விழுந்த பொடியை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் காட்டினாள். கரிக்கு நடுவே பித்தளைப் பொடிபோல மினுமினுப்பு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது, கரியைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். பழைய சுரங்கத்துக் கரியில் கரியோடு ஒட்டியே வரும். இதில் உதிரியாக இருந்து, வழியெல்லாம் குலுங்கி அடியில் இறங்கிவிட்டது. மறுபடி சோதித்தாள். கந்தகம் அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. சேதி கேட்டு வந்தவர், கூடிநின்ற ஆட்கள் முன்னால் அன்று மட்டும் நிதானமாகக் கேட்டார். "காலையில சரின்னு சொன்னது நீங்கதானே மேடம்?"

"நான்தான் சார். மேல இருந்து மட்டும் எடுக்கச் சொன்னதும் நான்தான். புதுச் சுரங்கம்னு யோசிச்சிருக்கணும். தப்பு என்னோடது. இந்தக் கரி எரியக் கூடாது."

"பாய்லர் நின்னுடும். மேலிடத்துல உங்களைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும், பதில் சொல்றேன். கரண்ட்டைப் பக்கத்து நிலையத்துல இருந்து வாங்கிக்கலாம். பிள்ளைங்களுக்கு நுரையீரலை எங்க வாங்குறது?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க. ஒரு வாரம்தானே இருக்கு?"

எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் சோதனை தப்பாக இருக்கக் கூடாதா என்றுகூட ஒரு நிமிடம் ஏங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் கெஞ்சுவேன் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் தன் தப்பைத் தானே சொல்லிவிட்டு, தலை குனியாமல் நின்றாள். என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. இவளுக்கு வாழ்க்கைப்பட நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"மேடம் சொன்னா சொன்னதுதான் சார்," என்றேன்.

கொதிகலனை என் கையாலேயே அணைத்தேன். அந்த இரைச்சல் அடங்கியபோது என் நெஞ்சும் கொஞ்சம் அடங்கித்தான் போனது. பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் இருவரும் வெளியே வந்தபோது, காவலர் பலகையைத் துடைத்துவிட்டுத் துக்கம் விசாரிப்பவர்போல நின்றார். "எழுதட்டுமா சார்?"

சாக்பீஸை வாங்கி, பலகை நிறைய ஒரு சைபர் போட்டேன்.

"சைபரை எதுக்கு சார் இவ்வளவு பெருசா?"

"ஊருக்கே தெரியணும்யா. இது சும்மா வந்த சைபர் இல்ல. எங்க வீட்டம்மா வாங்கிக் குடுத்தது."

"போதும், வாங்க," என்று அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்துவிட்டது. சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு ரயில்ல அடியில இருந்தும் எடுப்பேன். அதுவும் சரியில்லைன்னா மறுபடியும் சைபர்தான், பாத்துக்குங்க."

"போடு," என்றேன். "சாக்பீஸ் நான் வாங்கித் தரேன்."