அஞ்சுக்குக் கீழே ரிவர்ஸ்

தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் இருக்கும் நசீரின் பட்டறைக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று, கார்களுக்கு அவர் செய்கிற தோல் கியர் நாப்புக்காக, அதாவது கியர் கம்பியின் தலையில் இருக்கும் குமிழுக்காக, வாங்கிய நல்ல பெயர். இன்னொன்று அவர் வாய் வாங்கித் தந்தது. நாப் வேண்டும் என்று வருகிறவர்கள் அந்த வாயையும் சேர்த்துத்தான் வாங்கிப் போக வேண்டும்.

எந்த வண்டியில் எந்தக் கியர் எங்கே என்பது அவருக்கு விரல் நுனியில். மாருதியில் ரிவர்ஸ் வலது பக்கம், அஞ்சாம் கியருக்கு நேர் கீழே. கொரியாக்காரன் வண்டி பலதில் அது இடது மூலையில், ஒன்றாம் கியரையும் தாண்டி. நாப்புக்குக் கீழே கியர் கம்பியில் இருக்கும் வளையத்தை விரலால் தூக்கினால்தான் விழும். ஜெர்மன்காரனுக்கு நாப்பையே கீழே அமுக்கித் தள்ள வேண்டும். பழைய கறுப்பு மஞ்சள் காலி பீலி டாக்ஸியிலோ கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. "வண்டியப் பின்னால எடுக்குதுக்கு ஒரு கியர். அத ஆளுக்கொரு மூலையில ஒளிச்சு வச்சிருக்கானுவ" என்பார் நசீர். எந்த மூலை என்பதைக் காட்டத்தான் நாப்பின் தலையில் எண்கள் வெட்டிய சின்ன எஃகு வில்லை ஒன்றைப் பதிப்பார். தோலும் உள்ளே மரையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வில்லை மட்டும்தான் வண்டிக்கு வண்டி வேறு.

அன்று காலை பத்து மணிக்கு, செம்பூர் டாக்டர் ஒருவரின் டிரைவர் நகுல் வந்து நின்றான்.

"நசீர் பாய், ரெடி ஹை க்யா?"

"நேத்தே ரெடி" என்று நசீர் தட்டிலிருந்து அரக்குச் சிவப்பு நாப்பை எடுத்து நீட்டப் போனவர், பாதியில் நின்றுவிட்டார்.

முந்தைய நாள் அரக்குச் சிவப்பில் இரண்டு நாப் செய்திருந்தார். டாக்டரின் கொரியா வண்டிக்கு ஒன்று. ஆண்டாப் ஹில்லில் இட்லி மாவு அரைத்து விற்கிற மாரீஸ்வரியின் பழைய மாருதிக்கு ஒன்று. மாரீஸ்வரியுடையதை நேற்று சாயங்காலம் அவரே மாட்டி அனுப்பிவிட்டார். இப்போது கையில் இருக்கும் வில்லையில் ரிவர்ஸுக்கான ஆர், அஞ்சுக்குக் கீழே இருந்தது. இது மாருதி வில்லை. அப்படியென்றால் டாக்டர் வண்டி வில்லை மாரீஸ்வரியின் காரில் இருக்கிறது.

நசீர் நாப்பைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்தம்மா நேற்று சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. லைசன்ஸ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. பழைய நாப்பில் எண்கள் தேய்ந்து அழிந்துவிட்டன. "எனக்கு அதப் பாக்காம ரிவர்ஸ் விழாது பாய். எங்க வண்டி நிக்க எடம் அப்படி. மேட்டுல மூஞ்சிய நீட்டிட்டு நிக்கும். முன்னாடி ஒரு தகர வேலிதான், அதுக்குக் கீழ பால்வாடி. பின்னால எடுத்துத்தான் வெளிய வரணும். தெனம் பத்தரைக்கு மாட்டுங்காவுக்கு மாவு எடுத்துட்டுக் கிளம்புவேன்."

தப்பான வில்லையைப் பார்த்து இடது மூலைக்குத் தள்ளினால், மாருதியில் அங்கே விழுவது ஒன்றாம் கியர். வண்டி பின்னால் போகாது. முன்னால் போகும்.

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. கிரைண்டர் ஓடும் வீட்டில் போன் யாருக்குக் கேட்கும்?

"என்ன, மொகம் இப்படிப் போச்சு?" என்றாள் உள்ளே தோல் தைத்துக்கொண்டிருந்த மனைவி மெஹராஜ். சொன்னார். அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"நேத்து அந்தப் பொம்பளகிட்ட என்ன கத்து கத்துனீங்க! கத்திக்கிட்டே கை எந்தத் தட்டுல போகுதுன்னு பாத்தீங்களா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?"

கத்தியது உண்மை. நாப்பைத் தடவிப் பார்த்த மாரீஸ்வரி, "அழுக்காயிருமே பாய், இதுக்கு மேல போட கவர் இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, புது சோபாவுக்குப் பழைய வேட்டி என்று மூடி மூடி வைக்கிற சனங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "தோல மூடி வைக்குதுக்கா நான் ராப்பகலா தைக்கேன்? மூடுதுன்னா தோல் எதுக்கு, மரக்கட்டைய மாட்டி மூடு!" என்று சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கத்திக்கொண்டேதான் ஒரு நாப்பை எடுத்து மாட்டினார். அவள் தலையைக் குனிந்தபடி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரியான நாப்பைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். நகுலைக் காத்திருக்கச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

கிங் சர்க்கிள் சிக்னலில் சிவப்பு விழுந்தது. தொண்ணூறு வினாடி. முப்பது வருஷமாக இந்த மும்பையில் எத்தனையோ சிக்னலில் நின்றிருக்கிறார். இப்படி ஒரு சிக்னல் அவர் வாழ்நாளில் வந்ததில்லை. தகர வேலி என்றாளே, அது எவ்வளவு கனம் தாங்கும்? பால்வாடி எத்தனை மணிக்குத் திறக்கும்? யா அல்லா, இன்றைக்கு ஒருநாள் அந்தம்மாவுக்கு மாவு புளிக்காமல் போகட்டும், கிளம்ப நேரமாகட்டும் என்று வேண்டிக்கொண்டார். பிறர் மாவு புளிக்கக் கூடாது என்று அவர் வேண்டியது அதுவே முதல் தடவை.

ஆண்டாப் ஹில்லில் விசாரித்து மேடேறியபோது மணி பத்து நாற்பது. மாவுக் கடை போர்டு தெரிந்தது. கார் நிற்கிற இடமும் தெரிந்தது. தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. கார் இல்லை.

நசீர் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடாமலே சாய்த்துவிட்டுத் தகர வேலியிடம் போனார். போகிற அந்தப் பத்தடியும் நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

தகரம் முழுசாக இருந்தது. ஒரு நெளிசல் இல்லை.

எட்டிப் பார்த்தார். கீழே பால்வாடி முற்றத்தில் இருபது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாடி வைத்த ஒரு முகம் மேலிருந்து எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஒரு பெண்பிள்ளை கரண்டியோடு கையை ஆட்டினாள். நசீரும் கையை ஆட்டினார். ஆட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் பால் வார்த்தது மாதிரி என்று சொல்வார்களே, அது இதுதான் என்று தெரிந்தது. கண் கலங்கியது, துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அங்கேயே காத்திருந்தார். பதினொன்றரை வாக்கில் பழைய மாருதி ஏறி வந்து, வழக்கமான இடத்தில், வேலியைப் பார்த்து நின்றது. மாவுப் பாத்திரங்கள் காலியாக உருண்டன. கண்ணாடி வழியே நசீரைப் பார்த்த மாரீஸ்வரி, காப்பியடித்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, சட்டென்று கியர் நாப்பை உள்ளங்கையால் மூடினாள்.

"என்ன பாய், இங்க வந்திருக்கீய?"

"கைய எடும்மா."

"ஏச மாட்டீயளே?"

"எடும்மா, சொல்லுதேன்."

கையை எடுத்தாள். நாப்புக்கு ஒரு கவர். ரவிக்கைத் துணியில் மிஞ்சிய நீல வெல்வெட்டில், கழுத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த குல்லா. அதன் தலையில் மஞ்சள் நூலில் சங்கிலித் தையலாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு. அஞ்சுக்குக் கீழே, கொஞ்சம் கோணலாக, ஆர்.

நசீர் குனிந்து அந்த ஆரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நேத்து வீட்டுக்கு வந்துதான் வில்லையப் பாத்தேன்" என்றாள் மாரீஸ்வரி. "ஆர் எடது பக்கம் கெடந்துச்சு. டிரைவிங் ஸ்கூல்ல மாஸ்டர் நோட்டுல வரஞ்சு குடுத்தது வேற மாதிரி. நோட்டு சரியா, நீங்க சரியான்னு கொளப்பமாப் போச்சு. ஒங்களுக்குப் போன் போடலாம்னு எடுத்தேன்."

"போட வேண்டியதுதானே?"

"கவர் கேட்டதுக்கே அந்த ஏச்சு ஏசினீய. வில்லையே தப்புன்னு சொன்னா என்ன பேசுவீயளோன்னு போன வச்சிட்டேன். அப்புறம் நோட்டப் பாத்துக் கவர்ல தச்சு மாட்டிக்கிட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்கோங்க பாய்."

மன்னிப்பு கேட்பது அவள்! நசீர் தலையைக் குனிந்துகொண்டார். தன் வாய்க்குப் பயந்துதானே இவள் போனை வைத்திருக்கிறாள்? அந்த நோட்டை மட்டும் இவள் எப்போதோ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருந்தால்?

"தப்பு எம்மேலதாம்மா" என்றார். "வில்லைய மாத்தி மாட்டிட்டேன். நெதானமா இருந்திருந்தா மாத்தியிருக்க மாட்டேன்."

அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததை மெஹராஜ் கேட்டிருந்தால், இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருப்பாள்.

காருக்குள் குனிந்து கவரைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். தப்பான நாப்பைத் திருகி எடுத்துப் பையில் போட்டார். சரியானதை ஏற்றி, வில்லை நேராக இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தார். ஒவ்வொரு கியராகப் போட்டும் பார்த்தார்.

மாரீஸ்வரி கவரை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே இது வேண்டாம் பாய். நீங்க சொன்னது சரிதான், நல்ல தோல எதுக்கு மூடணும்?"

"அத இங்க குடுங்க."

வாங்கி, புத்தம்புதிய தோலின் மேல் அவரே மாட்டினார். கீழே இருக்கும் ஆருக்கு நேராக மேலே இருக்கும் ஆர் வரும்படி வெல்வெட்டைத் திருப்பி வைத்தார்.

"இன்னொண்ணும்மா. எதுலயாச்சும் சந்தேகம் வந்தா எனக்குப் போன் போடுங்க. ஏசுவேன். ஏசினாலும் போடுங்க."

அவள் சிரித்துவிட்டாள். அடுத்த நடைக்கான மாவுப் பாத்திரங்களை ஏற்றி வந்து, உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். நசீர் தகர வேலிக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"நகருங்க பாய், பயமாருக்கு!"

"நான் நிக்கேன். நீங்க எடுங்க."

மாரீஸ்வரி குனிந்து மஞ்சள் நூலைப் பார்த்தாள், வலது பக்கம் கீழே இழுத்தாள். கார் அவரை விட்டு மெல்லப் பின்னால் போனது.