வலது தொடைக்கு வண்டுகொல்லி

சுரங்கத்துக்குள் வேர்வையும் ஈரமும் ஓயாது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கூண்டேறி இறங்குகிறவனுக்குத் தொடையிடுக்கில் படை வராமல் இருக்காது. அது தொற்றும் என்று, ஆறாதவர்களை வேலையிலிருந்து நிறுத்த ஆரம்பித்தார் கம்பெனி ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை. என் தம்பி மகன் சம்பங்கிக்கு இரண்டு தொடையிலும் இருந்தது.

வண்டுகொல்லி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் போட்டால் ஆறும் என்று போய்ச் சொன்னேன். துரை சிரித்தார். சோதித்தே பார்க்கலாம், அதுவரை அவன் வேலைக்கு இறங்கட்டும் என்றார். இடது தொடைக்கு அவர் களிம்பு, வலதுக்கு என் இலை. மாதக் கடைசியில் பார்த்தால் இடது ஆறியிருந்தது. வலது ரணமாகக் கிடந்தது. இலை குப்பை என்று சொல்லி, களிம்பு டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, ஆறினால் வா என்று அவனை அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவனைப் பிடித்து உலுக்கினேன். அவன் பெண்டாட்டி பாப்பம்மாதான் கொட்டினாள்.

"நான் அரைச்சுக் குடுத்தது எங்க மாமா தங்குச்சு? மேல வந்ததும் காவக்காரன் துணிய அவுத்துப் பாக்கறான். மருந்துக்குள்ள தங்கத்த ஒளிச்சினு வர்றாருன்னு தெனமும் கத்தியால வழிச்சிட்டான்."

களிம்பில் வழிக்க என்ன இருக்கிறது? இலைப்பற்று தடிமன். கத்தி பட்டே புண் பெரிதாகியிருக்கிறது.

"இத ஏன்டா துரைகிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும் பெரியப்பா? காவக்காரன் என்னத் திருடன்னு சொல்லுவான். ஜெயிலுதான்."

நானே துரையிடம் போய்ச் சொன்னேன். சோதனை முடிந்துவிட்டது என்று கம்பவுண்டரை விட்டுச் சொல்லவைத்தார் துரை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

களிம்பு டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் பேத்தமங்களாவில் பாப்பம்மாவின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். அங்கே துணியை அவிழ்க்கச் சொல்ல எவனும் இல்லை. வலது தொடைக்கு இலை மட்டும்தான். சுத்தமாக ஆறிவிட்டது.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். துரைக்கு ஒரே சந்தோஷம். தன் களிம்பு கொஞ்சம் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பங்கி கும்பிட்டுவிட்டான்.

"ஆமாங்க துரை. உங்க களிம்புதான்."

அன்றைக்கே ஷிப்டு கொடுத்தார்கள். பாப்பம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. அதற்குப் பிறகு இலை கேட்டு வாசலுக்கு வந்தவர்களையெல்லாம், போய் அந்தக் களிம்பையே பூசிக்கொள்ளுங்கள் என்று விரட்டிவிட்டேன்.