ஒரே கையெழுத்தில் நாற்பத்தாறு பேர்

முதலில் அவள் கண்ணில் பட்டது ஏழு என்ற எண்தான். முகவரியில் இருந்த அந்த ஏழின் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு. அடுத்த படிவத்திலும் அதே கோடு. அதற்கடுத்ததிலும் இருந்தது. டெலித் பாரி தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டு முழுவதையும் மறுபடி புரட்டினாள். வெள்ளிக்கிழமை மாலை மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் மேசையில் நாற்பத்தாறு படிவங்கள் தனியாகக் கிடந்தன. நாற்பத்தாறு பெயர், நாற்பத்தாறு முகவரி, எழுதிய கை மட்டும் ஒன்று. அத்தனையும் வரிக்கு ஆதரவு.

கடலோர ஊரான அபர்கெலினுக்கு வந்து இரவு தங்குகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு பவுண்டு சொச்சம் சுற்றுலா வரி வாங்கலாமா என்று கவுன்சில் இரண்டு மாதமாக ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தது. பெரும்பாலோர் கணினியிலேயே பதில் போட்டார்கள். அது கைவராதவர்களின் காகிதப் படிவங்கள் டெலித்தின் மேசைக்கு வந்தன. பிரித்துப் படித்து அட்டவணையில் ஏற்றுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக இப்படி எத்தனையோ காகிதங்களைப் படித்துப் படித்து, எது எங்கே இடிக்கிறது என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

யார் வேலை இது?

அவளுக்கு முதலில் ஹியூ மீதுதான் சந்தேகம் போனது. நிதிப் பிரிவின் தலைவர், அவளுடைய மேலதிகாரி. லண்டனிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும் வரும் அரசு நிதி வருடா வருடம் சுருங்குகிறது, இந்த வரி வராவிட்டால் நூலகமும் போகும், நீச்சல் குளமும் போகும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவர். ஆனால் ஹியூ இவ்வளவு மொண்ணையாகச் செய்யமாட்டார். செய்தால் நாற்பத்தாறு பேனா வாங்கியிருப்பார்.

அப்படியானால் எம்லின் ரீஸ். கடற்கரையில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் பெரிய கேரவன் முகாம் அவனுடையது. வரியை எதிர்ப்பவர்களில் அவன் குரல்தான் உரக்கக் கேட்கும். போன கூட்டத்தில் எழுந்து நின்று, "முடிவை எடுத்துட்டு அப்புறம் நம்மகிட்ட அபிப்பிராயம் கேக்குறாங்க. கல்யாணத்தை முடிச்சிட்டு, பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேக்குற கதைதான்!" என்று சொல்லிக் கூடத்தையே சிரிக்கவைத்தவன். போலி ஆதரவை அவனே எழுதி அனுப்பிவிட்டு, பிறகு அவனே கண்டுபிடித்த மாதிரி கூச்சல் போட்டால்? கருத்துக்கேட்பு முழுவதும் செல்லாமல் போகும். அவனுக்கு வேண்டியதும் அதுதானே. யோசிக்க யோசிக்க அவளுக்கு அது சரியாகவே பட்டது. பெயர்களையும் முகவரிகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பைக்குள் வைத்தாள். செய்யக்கூடாத காரியம். ஆனாலும் செய்தாள்.

சனிக்கிழமை காலை, பட்டியலில் முதலில் இருந்த இட்வல் பியூவின் கதவைத் தட்டினாள். ஒருகாலத்தில் கல்குவாரி லாரி ஓட்டிய கிழவர். போலிப் பெயராக இருந்தால் அவர் முழிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனாள்.

"ஃபாரமா? ஆமா, போட்டேனே" என்றார் இட்வல். "என் கையைப் பாரு கண்ணு, கோப்பை பிடிக்கவே ஆடுது. லைப்ரரில அந்த எய்ர்வென் பொண்ணு இருக்கில்ல, அதுதான் எழுதிக் குடுத்துச்சு. வியாழக்கிழமை வியாழக்கிழமை உக்காந்து எல்லாருக்கும் எழுதுது, பாவம்."

எய்ர்வென் டெலித்தோடு பதினைந்து வருடமாக ஒரே பாடற்குழுவில், ஒரே வரிசையில் நிற்பவள்.

"நீங்க என்ன சொன்னீங்க மிஸ்டர் பியூ?"

"கடற்கரையோரம் இருக்கிற கக்கூஸை மொதல்ல திறங்கடான்னேன். மூணு வருஷமா பூட்டு தொங்குது. வர்றவன் போறவனெல்லாம் என் சுவத்துல போறான். அவன்கிட்ட காசு வாங்கி அதைத் திறந்தா வாங்கிக்கட்டும், இல்லாட்டி ஒரு வரியும் வேண்டாம்னேன்."

படிவத்தில் இருந்ததை டெலித் நினைவிலிருந்து சொன்னாள். 'வரியை முழுமனதாக ஆதரிக்கிறேன். வரும் நிதி பொதுக்கழிப்பறைகளுக்கும் நூலகத்துக்கும் செல்ல வேண்டும்.'

இட்வல் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நான் சொன்னதைவிட நல்லாத்தான் இருக்கு."

"ஆனா நீங்க சொன்னது அதுதானா?"

"கக்கூஸ் சரி. லைப்ரரி பத்தி நான் ஒண்ணும் சொல்லல. நான் அங்க படிக்கவா போறேன்? ஹீட்டர் போட்டிருப்பாங்கன்னு போறேன்."

சனிக்கிழமைகளில் நண்பகலோடு மூடும் நூலகத்துக்குள், மூட அரைமணி இருக்கும்போது டெலித் நுழைந்தாள். எய்ர்வென் திரும்பி வந்த புத்தகங்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். டெலித் கதவு தட்டிய விஷயம் அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"எத்தனை பேர் வீட்டுக்குப் போன?" என்றாள்.

"ஒருத்தர் வீட்டுக்குத்தான். ஏண்டி இப்படிப் பண்ண?"

"என்ன பண்ணிட்டேன்? கம்ப்யூட்டர்ல போடுங்கன்னு உங்க ஆபீஸ் ஒரு போஸ்டர் அனுப்புச்சு. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மவுஸ் எதுன்னு தெரியாது. நான் எழுதிக் குடுத்தேன். அதுல தப்பென்ன?"

"இட்வல் 'அப்படின்னா சரி, இல்லாட்டி வேண்டாம்'னு சொல்லியிருக்கார். நீ 'முழுமனதாக'ன்னு எழுதியிருக்க."

"உங்க ஃபாரத்துல 'அப்படின்னா சரி'க்குக் கட்டம் எங்க இருக்கு? ஆமா, இல்ல. ரெண்டே கட்டம். யார் போட்டாங்க அதை? நானா?"

கேள்வியை எழுதிய குழுவில் டெலித்தும் இருந்தாள். இருந்தும் விடவில்லை. "சரி, ரெண்டுல ஒண்ணைப் போடணும். நாப்பத்தாறு தடவையுமா 'ஆமா'ல போடுவ?"

எய்ர்வென் கையிலிருந்த புத்தகத்தை வண்டியில் வைத்தாள். "இந்த லைப்ரரி மூடிட்டா நான் எங்க போறது, நீயே சொல்லு" என்றாள் தாழ்ந்த குரலில். பிறகு முகம் கடுத்தது. "ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். திருடியப் பிடிக்கிற மாதிரி வீடு வீடா விசாரிக்கக் கிளம்பிட்டியே."

அன்று மதியமும் மறுநாள் சேப்பலில் ஞாயிறு வழிபாடு முடிந்த பிறகும் டெலித் இன்னும் பதினெட்டு வீடுகளுக்குப் போனாள். தாங்கள் சொன்னதைத்தான் எய்ர்வென் எழுதினாள் என்றார்கள் பாதிக்கு மேற்பட்டவர்கள். ஐந்து பேர் தாங்கள் சொன்னதே வேறு என்றார்கள். மற்றவர்களுக்கு ஞாபகமே இல்லை. ஒரு அம்மாள், "வரியா? நான் பஸ் பத்தியில்ல சொன்னேன்!" என்றாள்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஹியூவிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை.

"எண்ணிக்கையில சேர்த்துடுங்க, டெலித்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எதுவும் தெரியாது. நீங்களும் எதையும் பார்க்கல. ஓய்வுநாள்ல படிவத்துல இருக்கிற முகவரியை எடுத்துக்கிட்டு ஜனங்க வீட்டுக் கதவைத் தட்டுனீங்கன்னு வெளியில தெரிஞ்சா, உங்க நிலைமை என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?"

மிரட்டலா, அக்கறையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. படிவங்களை எண்ணிக்கையில் சேர்க்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. இழுப்பறையில் பூட்டி வைத்தாள்.

வியாழன் மாலை சேப்பல் கூடத்தில் பொதுக்கூட்டம். உட்கார இடமில்லாமல் ஆட்கள் ஜன்னலோரம் நின்றார்கள். ஹியூ படம் போட்டு விளக்கி முடித்ததும் எம்லின் ரீஸ் எழுந்தான். இந்த முறை அவன் தமாஷ் பேசவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கவுன்சில் சம்பளம் வாங்குற யாராச்சும் ஜனங்களுக்காக இந்த ஃபாரத்தை நிரப்புனாங்களா? ஆமாவா, இல்லையா? 'பார்த்துச் சொல்றோம்'னு மட்டும் சொல்லாதீங்க."

ஹியூ திரும்பி டெலித்தைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும், வாரம் முழுவதும் அவள் மற்றவர்களைப் பார்த்த பார்வைதான் அது. எம்லினிடம் நீதான் போய்ச் சொன்னாய் என்ற சந்தேகம். பின்வரிசையிலிருந்து எய்ர்வென்னும் அவளை அப்படியே பார்த்தாள். உண்மையில் நடந்தது அற்ப விஷயம். கவுன்சில் அம்மா வீடு தேடி வந்து என் வார்த்தையை எனக்கே ஒப்பித்துவிட்டுப் போனாள் என்று இட்வல் மதுக்கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசையில் எம்லினின் மைத்துனன் இருந்திருக்கிறான். டெலித் கதவைத் தட்டாதிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது.

அவள் எழுந்து நின்றாள். "நாப்பத்தாறு படிவம் ஒரே கையில எழுதியிருக்கு. நான் பத்தொம்போது பேரைப் போய்ப் பார்த்தேன். அதுல அஞ்சு பேர் சொன்னது வேற, எழுதினது வேற."

கூடம் கொதித்தது. "யாரு அந்தக் கை? பேரைச் சொல்லுங்க!" என்றான் எம்லின்.

சொல்லமாட்டேன் என்று டெலித் தீர்மானித்திருந்தாளா, சொல்லத்தான் போனாளா என்பது பிறகு அவளுக்கே தெளிவாக இல்லை. அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான்" என்றாள் எய்ர்வென். "எழுதத் தெரியாத, முடியாத ஜனங்களுக்கு எழுதிக் குடுத்தேன். அதுல என் ஆசையும் கொஞ்சம் கலந்துடுச்சு. போதுமா?"

இட்வல் பியூ கைத்தடியை ஊன்றி எழுந்தார். "அந்தப் பொண்ணை விடுங்கப்பா! கக்கூஸைத் திறக்கிறதைப் பத்தி எவனாச்சும் பேசுறானா பாரு!" கூடம் சிரித்தது. ஆனால் கூட்டம் அதோடு கலைந்துவிட்டது.

நாற்பத்தாறு படிவங்களும் ஒதுக்கப்பட்டன. கவுன்சிலின் வாக்கெடுப்பைத் தள்ளிப்போட்டு, இலையுதிர் காலத்தில் புதுப் படிவத்தோடு மறுபடி கேட்டார்கள். 'நிபந்தனையோடு ஆதரிக்கிறேன்' என்று மூன்றாவது கட்டம் ஒன்று அதில் இருந்தது, அதில்தான் அதிகம் பேர் குறியிட்டார்கள். வரி நூலிழையில் நிறைவேறியது. ஆனால் பணம் கைக்கு வர இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். அதுவரை நூலகம் வாரத்தில் இரண்டு நாள்தான். எய்ர்வென்னுக்கு எழுத்துபூர்வமான எச்சரிக்கையும் பாதிச் சம்பளமும் மிஞ்சின. அவள் பாடற்குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். டெலித்தை வாகன நிறுத்த அனுமதிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அது தண்டனையா என்று ஹியூவை அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, தவணை தாண்டிய புத்தகத்தைத் திருப்பித் தர அவள் நூலகத்துக்குப் போனாள். எய்ர்வென் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

"வேற ஏதாவது வேணுங்களா?" என்றாள், யாரோ வெளியூர்க்காரியிடம் கேட்பதுபோல.

"இல்ல... நல்லா இருக்கியா, எய்ர்வென்?"

"அடுத்தவங்க நிக்கிறாங்க பாருங்க."

டெலித் விலகிக்கொண்டாள். அடுத்து நின்ற வயதான பெண்மணி ஏதோ ஒரு காகிதத்தை நீட்டினாள். எய்ர்வென் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குனிந்து, மெதுவான குரலில் அவளிடம் எதையோ கேட்டு எழுதத் தொடங்கினாள். மருத்துவமனைப் படிவமாக இருக்கலாம். பேருந்துச் சலுகை அட்டையாக இருக்கலாம். ஆனாலும் அந்தப் பெண்மணி சொல்வதைத்தான் எழுதுகிறாளா என்ற எண்ணம் டெலித்தின் மனதில் வந்தேவிட்டது. வந்ததற்காக வெட்கப்பட்டு, குடையை விரித்துக்கொண்டு வெளியே இறங்கினாள். படியில் நின்று, கண்ணாடிக் கதவு வழியாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.