கடைசி வளைவில் ஒரு செட்டு

பிச்சைமணியின் ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஆரன் அடிப்பான். அன்றைக்கு அவன் அறிவிக்கும் ஒரு சொல்லுக்கு, முறை வந்தவர் புதுசாக ஒரு பொருள் சொல்லியாக வேண்டும். திணறினால் அடிவாரத்தில் மொத்த வண்டிக்கும் டீ அவர் பொறுப்பு. வாய்க்கு வேலை கொடுத்தால் வயிறு புரட்டாது என்பது அவன் கண்டுபிடித்த வைத்தியம்.

செல்லக்கனிக்கு வயிற்றைப் பற்றிக் கவலையில்லை. காலடியில் கிடந்த ஏலக்காய் மூட்டை மேலேதான் கண். போன வருசம் அவள் தோட்டத்துக் காயை ஏலத்தில் ஒருவர் கேட்டார், மற்ற வியாபாரிகள் விலை கேட்காமல் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடிமாட்டு விலைக்குப் போனது. இந்த வருசமும் அப்படிப் போனால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர் என்று அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள்.

எதிரே யோசேப்பும் ஜக்கையனும். போடியில் எதிரெதிர்க் கடை போட்ட ஏலக்காய் வியாபாரிகள். முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாதவர்கள் என்று ஊரே சொல்லும். மலையில் காய் பார்க்கப் போனவர்கள், வேறு இடமில்லாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். யோசேப்பு மதுரையில் கட்டிக்கொண்டு வந்த புதுப் பல் செட்டு, முதல் குலுக்கலிலேயே கடகடத்தது. அதைக் கேட்டுத்தான் பிச்சைமணி, இன்றைக்கு வார்த்தை 'செட்டு' என்று அறிவித்தான்.

யோசேப்பு வாயிலிருந்ததையே சொல்லித் தப்பித்தார். ஜக்கையன் பம்புசெட்டு என்றார். எஸ்டேட்டில் காய் எடுக்கும் வேலுத்தாய் கல்யாண வீட்டு மைக் செட்டு என்றாள். ரேடியோ செட்டு, சவரச் செட்டு, நாடகக் கொட்டகைச் செட்டு என்று வளைவுகள் பறந்தன. வெள்ளைக்காரன் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனான், நம்மாட்கள் அதற்குள் ஒரு தெருவையே குடிவைத்துவிட்டார்கள் என்று செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்தது. அவள் மேளசெட்டு என்றாள். அது ஆட்களாச்சே, பொருளா என்று ஜக்கையன் மடக்கினார்.

"கூடிச் சேர்ந்தா செட்டுதாண்ணே, செல்லும்" என்று தீர்ப்புச் சொன்னான் பிச்சைமணி.

சுற்று வந்துகொண்டே இருந்தது. கடைசி வளைவு கண்ணுக்குத் தெரிந்தபோது முறை மறுபடி செல்லக்கனியுடையது. உலகத்திலுள்ள செட்டெல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது.

"டீக்கடையில பால் பொங்கிருச்சு ஆத்தா, காசு முடிஞ்ச முந்தானைய அவுத்துக்க" என்றாள் வேலுத்தாய்.

அப்போதுதான் செல்லக்கனிக்கு அது உறைத்தது. பனிக்காற்று காதை அறுக்கிறது. வண்டியில் இருக்கிற மற்ற அத்தனை பேரும் தலையில் துண்டைச் சுற்றியிருக்கிறார்கள். எதிரே இருக்கும் இந்த இரண்டு வியாபாரிகள் மட்டும் ஒரே துண்டை ஆளுக்கொரு கையின்மேல் போட்டு மூடியிருக்கிறார்கள். துண்டு நெளிகிறது. அவள் அப்பனும் வியாபாரிதான். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள். துண்டுக்கு வெளியே எதிரி, உள்ளே பங்காளி. போன வருசம் எல்லோரும் ஏன் முகட்டைப் பார்த்தார்கள் என்பது இப்போது விளங்கியது.

ஆரன் அலறியது.

"அண்ணே, குளிர் காதுலதான அடிக்குது, துண்டு எதுக்குக் கைமேல?" என்றாள். "பிச்சைமணி, எழுதிக்க. என் காய் விலையை அமுக்கறதுக்கு இவுக ரெண்டு பேரும் போட்டிருக்காகளே, அந்தச் செட்டு."

வேலுத்தாய் எட்டித் துண்டை உருவினாள். யோசேப்பின் விரல்கள் ஜக்கையன் கைக்குள் இருந்தன.

"செல்லும்" என்றான் பிச்சைமணி.

மாட்டிக்கொண்ட கூச்சத்தில் டீயை ஜக்கையன் வாங்கினார். அது ஆறுவதற்குள் சேதி ஏலக்கடைக்கு ஓடிவிட்டது. செல்லக்கனியின் காய் ஏலத்துக்கு வந்ததும், நான் இவனோடு கூட்டில்லை என்று ஊருக்கு நிரூபிக்க யோசேப்பு விலையைத் தூக்கினார். அவருக்கு மேலே ஜக்கையன் தூக்கினார். எவர் இறங்கினாலும் அவர்தான் கள்ளன் என்று கூட்டமே காத்திருந்தது. வெளியூர் வியாபாரிகளும் இடையில் புகுந்தார்கள். வெறியில் கத்திய யோசேப்பின் பல் செட்டு கழன்று, செல்லக்கனியின் ஏலக்காய்க் குவியலில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. பேச வாயில்லாமல், அடுத்த விலைக்குக் கையை உயர்த்தி, துண்டுக்குள் பிடித்த அதே விரல்களை எல்லோரும் பார்க்க விரித்தார்.

செல்லக்கனி அவசரப்படாமல் ஜக்கையன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்னண்ணே சொல்றீக?"