மங்களம்மாவின் ஐம்பத்தெட்டு கிலோ

மங்களம்மா தன் எடை ஐம்பத்தெட்டு கிலோ என்று சொன்னார். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி வேறு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு என்பது அவர் கழுத்தில் தாலி ஏறிய அன்றைக்கு இருந்திருக்கலாம். ஆனால் டெக்கா கடைத்தெருவில் ஒரு பயண ஏஜென்சியில் கிளார்க்காக இருப்பவள், பெரிய வாடிக்கையாளரின் மனைவியைப் பார்த்து, "எழுந்து வாங்க, எதிர்க்கடைத் தராசுல ஏறி நில்லுங்க" என்றா சொல்ல முடியும்?

"எடையெல்லாம் எதுக்கும்மா கேக்குறாங்க? வெளியில சொன்னா கண்ணு பட்டுடும்," என்றார்.

"சின்ன பிளேன்மா. பைலட் கேக்குறாரு."

"அப்ப இவருக்கு எழுபத்திரண்டு போடு. பையனுக்கும் அதையே போடு. மருமகளுக்கு நாப்பத்தஞ்சு. அவ எங்க சாப்பிடுறா?"

பக்கத்தில் அவர் கணவர் துரைசாமி எதையும் காதில் வாங்காமல் வண்ணப் பிரசுரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். சிராங்கூன் ரோட்டில் தன் ஜவுளிக்கடைக்கு மேலேயே முப்பது வருஷம் குடியிருந்தவர். கீழே பேரம், பின்சந்தில் லாரி, விடிந்தால் கோயில் மணி. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், செம்மண் காட்டில் இருந்த ஒரு பழைய மாட்டுப் பண்ணை வீடு. கல்லால் கட்டியது. விருந்தாளிகளுக்கென்று நான்கே அறைகள், வெள்ளித் தட்டில் சாப்பாடு, வராந்தாவில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்.

"பக்கத்து வீட்டுக்காரன் நூத்தியிருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கானாம். இதுக்கு மேல என்ன சொகுசு வேணும்லா?" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வீட்டுக்குச் சரியான சாலை கிடையாது. அதற்குக் கிட்ட இருக்கும் நகரத்து விமான நிலையத்தில் இறங்கி, ஆறு பேர் உட்காரும் வாடகை விமானத்தில் போகவேண்டும். அதை ஓட்டுபவர் டெலக்ஸ் தட்டச்சுச் செய்தியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: டிசம்பரில் மதிய வெயில் நாற்பத்திரண்டு டிகிரி வரை போகும், அந்தச் சூட்டில் விமானம் எழும்பத் திணறும், ஆட்களும் பைகளும் சேர்ந்து முந்நூறு கிலோவைத் தாண்டக்கூடாது. ஆளுக்குப் பத்துக் கிலோ பை என்று சேர்த்து, நான் இருநூற்று எண்பத்தேழு என்று அனுப்பினேன். ஒரு வரியில் பதில் வந்தது. "இவர்களை எடை போட்டுப் பார்த்தீர்களா?"

"இல்லை" என்று சொன்னால் எடை போடச் சொல்வார், பிறகு இரண்டாவது விமானம் வேண்டும் என்பார். துரைசாமி அலுத்துக்கொண்டு வேறு ஏஜென்சிக்குப் போய்விடுவார். "பார்த்தோம்" என்று தட்டினேன். தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

1983 டிசம்பர் முதல் வாரம் நான்கு பேரும் கிளம்பினார்கள். முதலில் பெர்த்தில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று நாள். நான்காம் நாள் காலை அங்கிருந்து பெரிய விமானத்தில் அந்த நகரத்துக்கு, இறங்கியதும் சின்ன விமானம். அந்த நான்காம் நாள் காலை பத்து இருபத்தைந்துக்கு மங்களம்மாவின் தங்கை சந்திரமதி அலுவலகத்துக்கு வந்தார். மதராஸுக்கு டிக்கெட் விசாரிக்க வந்தவர், அக்காவின் புராணத்தை ஆரம்பித்தார்.

"நேத்து பெர்த்துலேர்ந்து போன் பண்ணுச்சு. மாட்டுப் பண்ணையாச்சே, அந்தச் சட்டியில என்னென்ன வெந்திருக்குமோன்னு அக்காவுக்குப் பயம். கேட்டா வீட்டுக்காரங்க மனசு நோகும்லா. அதான் மக அரிசி, பருப்பு, குக்கர், கரண்ட் அடுப்பு எல்லாம் கட்டிக் குடுத்திருக்கா. பெரிய பிளேன்ல ஆளுக்கு இருபது கிலோ விடுறான். ஒரு கிலோ விடாம ரொப்பிட்டாங்க."

பயணக் கோப்பை இழுத்தேன். "அக்கா என்ன வெயிட் இருப்பாங்க?"

"அதையேன் கேக்குற? எண்பதைத் தாண்டிட்டீங்கன்னு டாக்டர் போன மாசம் திட்டினாரு. மாமாவும் சளைச்சவர் இல்ல."

கூட்டிப் பார்த்தேன். எப்படிக் குறைத்துப் போட்டாலும் முந்நூற்றெண்பதுக்குக் கீழே வரவில்லை. அங்கே பன்னிரண்டரைக்குக் கிளம்பும் விமானம். நம் நேரத்துக்குப் பதினொன்று. சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்திரண்டு.

முதலில் அந்த வாடகை விமானக்காரர்களுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மறுபடி அடித்தேன். அந்த நிறுவனத்தில் மொத்தமே இரண்டு பேர். இரண்டு பேரும் வெளியில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். டெலக்ஸ் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். எண்ணைப் போட்டதும் அவர்கள் இயந்திரத்தின் பெயர்க்குறி திரும்பி வந்தது. இயந்திரம் விழித்திருக்கிறது, பக்கத்தில்தான் யாரும் இல்லை.

"கிளம்பாதீர்கள். எடை பொய். எடை போடவில்லை" என்று தட்டத் தொடங்கியபோது முதலாளி அலெக்சாண்டர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன அடிக்கிற நீ?"

சொன்னேன். அவர் முகம் வெளிறியது.

"பை ஜாஸ்தின்னு மட்டும் போடு பிரிஜட். எடை பொய்னு எழுத்துல குடுத்தா நம்ம லைசென்ஸ் போயிடும்."

"பை ஜாஸ்தின்னா பாதிப் பையை இறக்கிட்டுப் பறந்திடுவாங்க சார். ஆளுங்க எடையை யார் இறக்குறது?"

"உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. அந்த ஒரு நல்ல குணத்தைக் கடவுள் கொடுத்திருக்கிறார். மிச்சத்தையும் தட்டி அனுப்பினேன்: பைகள் எண்பது கிலோ, ஆட்கள் முந்நூறுக்கு மேல். பிறகு மணி விசையை அழுத்தினேன். இங்கே அழுத்தினால் அங்கே இயந்திரத்தில் மணி அடிக்கும். அழுத்தினேன், விட்டேன், மறுபடி அழுத்தினேன். யாரும் இல்லாத ஒரு தகரக் கொட்டகையில் அது அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

சந்திரமதிக்கு அப்போதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது. "அக்காவுக்கு என்னாச்சு பிரிஜட்? பிளேனுக்கு என்ன?"

"நான் பொய் சொல்லிட்டேன்கா. கொஞ்சம் சும்மா இருங்க," என்றேன். அவர் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முதலாளி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே அதே எண்ணைத் திரும்பத் திரும்பச் சுற்றினார். எனக்குத் தெரிந்த ஒரே ஜெபம் வாய்க்குள் ஓடியது, அருள் நிறைந்த மரியே, ஒரு ஜெபத்துக்கு ஒரு மணி என்று. பத்து ஐம்பது. பத்து ஐம்பத்தேழு. பதினொன்று.

பதினொன்று நான்குக்கு இயந்திரம் தானாகப் பேசியது. "யார் இது? நான் எண்ணெய் நிரப்புகிறவன். என்ன மணி இது?"

"மேலே படியுங்கள்," என்று தட்டினேன்.

பிறகு வந்தது: "விமானம் ஓடுபாதை முனைக்குப் போய்விட்டது. ரேடியோவில் சொல்லிப் பார்க்கிறேன்."

அடுத்த ஒன்பது நிமிடம் முதலாளி ரிசீவரைக் கையிலேயே பிடித்திருந்தார். காகிதச் சுருள் அசையவில்லை. சந்திரமதி என் தோளை இறுகப் பிடித்திருந்தார். பதினொன்று பதின்மூன்றுக்கு மூன்று சொற்கள் விழுந்தன. "திரும்பி வந்துவிட்டார்கள். எல்லோரும்."

நான் மேசைமேல் தலையை வைத்து அழுதேன். முதலாளி கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாலையில் பைலட்டிடமிருந்து செய்தி வந்தது. சரக்குத் தராசில் எல்லோரையும் நிறுத்தியதில் பைகளோடு முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று கிலோ. இரண்டு நடையாகக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். உங்கள் ஏஜென்சியிலிருந்து இனி யாரையும் அனுப்ப வேண்டாம் என்று முடித்திருந்தார். மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று முதலாளி என்னிடம் சொன்னார்.

நிற்பதற்கு ஒரு வாரம் இருந்தபோது மங்களம்மா படியேறி வந்தார். வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார்.

"அத்தனை வெள்ளக்காரன் முன்னால மூட்டை மாதிரி என்னை ஏத்தி நிறுத்தினாங்கடி! எண்பத்தி மூணுன்னு அவன் சத்தமாப் படிக்கிறான். என் மருமக பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்கா. இனி அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அவர் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் குரலை இன்னும் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. "உயிரோட வந்து திட்டுறீங்களேம்மா, எனக்கு அது போதும்," என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

மங்களம்மா பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"நான் சொன்னது பொய்தான். எனக்கு வெக்கம், அதனால சொன்னேன். நீ என் எதிர்ல உக்காந்து, என்னைப் பார்த்துக்கிட்டேதானே ஐம்பத்தெட்டுன்னு எழுதின? உனக்கு என்ன வந்துச்சு?"

"பயணம் கைவிட்டுப் போயிடும்னு பயந்தேம்மா." சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"நாங்க நாலு பேரு," என்றார் அவர். "பைலட்டோட அஞ்சு பேருடி."