வழியில் இறங்கிய காகிதம்

அரசாங்கப் புள்ளிவிவரப் பிரிவில் பத்து வருடக் காகித இறக்குமதியை இரண்டு கோடுகளாக வரைந்தவள் அவள்தான். ஒன்று தன் நாடு, மற்றது பக்கத்து நாடு. ஒட்டி ஓடிவந்த கோடுகள் பாதியில் பிரிந்தன. அவர்களுடையது இறங்கியது, நம்முடையது விறுவிறுவென்று ஏறியது. ஏன் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. 'அவர்கள் அடக்கிவிட்டார்கள், நாம் வாரி இறக்குகிறோம்' என்று மேலிடம் இறக்குமதி வரியைக் கூட்டப்போகிறது.

கூட்டினால் தங்கை வீட்டுக்காரரின் நோட்டுப் பட்டறை நிற்காது. உள்ளூர்க் காகிதம் அவருடைய இயந்திரத்தில் கோடு போடும்போதே கிழிந்துவிடும். அது தெரிந்தும் வரைந்தாள். கணக்கு வேறு, உறவு வேறு என்று தன்னையே மெச்சிக்கொண்டும் இருந்தாள்.

இன்று காலை வேறு எதற்கோ துறைமுக அலுவலகத்துக்குப் போன் செய்தபோது அங்கிருந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "பக்கத்து நாட்டுத் துறைமுகம் மணல் மூடினதுலேர்ந்து அவங்க காகிதமும் இங்கதாம்மா இறங்குது. அப்புறம் லாரியில அவங்க நாட்டுக்குப் போயிடும். கப்பல்லேர்ந்து இறங்கினா நம்ம கணக்கு. லாரியில வந்தா அவங்க எழுதறதில்ல."

காகிதம் கூடவுமில்லை, குறையவுமில்லை. இறங்கிய இடம்தான் மாறியிருக்கிறது.

எதைக் கேட்டாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பதால் அவளுடைய அதிகாரிக்கு அந்தப் பிரிவு வைத்த பெயர் அப்புறம் சார். அவரிடம் ஓடினாள்.

"சார், கோடு தப்பு."

"ஏம்மா, வரைஞ்சது நீங்கதானே?"

"நான்தான் சார். அவங்க காகிதத்தையும் நம்ம தலையில ஏத்தியிருக்கேன்."

அவர் முழுவதும் கேட்டார். அவருக்குப் புரிந்தும் விட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா உங்க தங்கச்சி வீட்டுக்காரர் நோட்டு போடறவர்தானே? தங்கச்சிக்காக அக்கா கோட்டை வளைச்சுட்டாங்கன்னு மேல இருக்கறவங்க சொல்லுவாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"வேற யாராவது சொன்னா?"

"வேற யாருக்கும்மா இது தெரியும்? அப்புறம் பாக்கலாம். மேலிடக் கூட்டத்துல பின்வரிசைக்குக் கோடு தெரியலையாம், கொஞ்சம் தடிப்பாக்கி அனுப்புங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியாது என்பார்கள். அவள் திருடவும் இல்லை. இத்தனை நாள் ஒதுக்கி வைத்திருந்த உறவு, உண்மையைச் சொல்லப் போனபோது முந்திக்கொண்டு வாசலில் நின்றது.

கோட்டைத் தடிப்பாக்கிக்கொண்டிருக்கும்போது தங்கை அழைத்தாள்.

"அக்கா, பள்ளிக்கூட ஆர்டர் வந்திருக்கு, பெரிசு. ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷத்துக்கு விலையை ஏத்த முடியாது. வரி ஏறும்னு ஊரெல்லாம் பேச்சு. 'உங்கக்காதான் அரசாங்கமாச்சே, கேளு'ங்கறார் இவர்."

அலுவலக விஷயம் வெளியே போகக் கூடாது. போகலாமென்றாலும் சொல்ல அவளிடம் என்ன இருந்தது? வரி ஏறும், தப்பான கணக்கால் ஏறும், அதைப் போட்டவள் நான் என்றா?

"எனக்கு என்னடி தெரியும்."

"அழுத்தக்காரி! ஏறுறதா இருந்தா என்னை இப்படிச் சும்மா விட்டிருப்பியா நீ?" தங்கை சிரித்தாள். உள்ளே திரும்பிக் கத்தியது கேட்டது: "ஏங்க, ஒத்துக்கலாம்! அக்கா ஒண்ணும் சொல்லலை!"

"இருடி..." என்றாள் அவள். மறுமுனையில் இயந்திரத்தைப் போட்டுவிட்டார்கள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.