மண்டிக்குச் சொந்தமான தொண்டை

அக்கா தொண்டையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாள் என்ற செய்தி பரவிய மறுநாள் காலை, ராயக்கோட்டை தக்காளி மண்டியிலிருந்து மூன்று பேர் எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார்கள். மண்டிக்காரர் சென்னகிருஷ்ணன், அவருடைய மச்சான் ஆனந்த், ஆந்திராவுக்கு லாரி ஏற்றும் வியாபாரி திருமலை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அதை மட்டும் எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது. பாயில் உட்கார்ந்தார்கள், தரையைப் பார்த்தார்கள், தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தார்கள்.

"பொடவ கட்டிக்கிட்ட. எதுனா சொன்னமா?" என்று சென்னகிருஷ்ணன் ஆரம்பித்தார். "மூக்கு குத்திக்கிட்ட, சொன்னமா? பூ வெச்சிக்கிற, வெச்சிக்கோ. கொரல மட்டும் தொடாதம்மா. அது மண்டிக் கொரலு."

அக்காவின் பெயர் ரஞ்சிதா. வயது முப்பத்தொன்று. இதற்கு முன் வேறொரு பெயர் இருந்தது. அதை நான் எழுதப்போவதில்லை, ரேஷன் கார்டு விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறது, அது போதும். எல்லோரும் அவளை என் அண்ணன் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பதினெட்டு வயதில் அந்த மண்டியில் ஏலம் கூவ ஏறினாள். இருபத்தைந்தில் காணாமல் போனாள். ஒரு வருடம் கழித்துப் புடவையில், திருநங்கையாகத் திரும்பி வந்து வேலை கேட்டாள். மண்டி மூன்று நாள் யோசித்தது. நான்காம் நாள் சென்னகிருஷ்ணன், "கொரலு அதேதான? ஏறு" என்றார். கவிழ்த்துப் போட்ட தக்காளிக் கிரேட்டின்மேல் ஏறி நின்று, "ஒருதரம்" என்று நம்மாட்களைப் பார்த்து ஆரம்பிப்பாள். "எரடு சாரி" என்று கன்னடத்தில் பெங்களூர்க்காரர்கள் பக்கம் திரும்புவாள். "மூடு சாரி" என்று தெலுங்கில் திருமலையிடம் முடிப்பாள். நாலு லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரை போகும்.

அதே குரலோடு அவள் மண்டியை விட்டு நூறு அடி வெளியே நடந்தால் கதை வேறு. மருந்துக் கடையில் "ஒரு பாராசிட்டமால்" என்று கேட்டால் கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பஸ்ஸில் "ராயக்கோட்டை ஒண்ணு" என்றால் கண்டக்டர் டிக்கெட்டோடு ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கிழிப்பார். போன வருடம் செல்போன் கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் சொன்னாள். கனெக்ஷன் ரஞ்சிதா பெயரில் இருக்கிறது. மறுமுனையிலிருந்த பெண் மரியாதையாக, "சார், போனை மேடம்கிட்ட குடுங்க" என்றாள். "மேடம்தாம்மா பேசறேன்" என்றாள் அக்கா. லைன் துண்டிக்கப்பட்டது. திரும்பப் போட்டாள், திரும்ப அதுவே. மூன்றாவது தடவை போனை என்னிடம் கொடுத்து, "நீயே பேசுடா" என்றாள். என் குரலும் மேடம் குரல் இல்லைதான். ஆனால் நான் "அவங்க தம்பி பேசறேன்" என்றதும் கம்பெனி முழுவதுமாக நம்பியது. அன்று சாயங்காலம்தான் அவள் குரலை மாற்றும் ஒரு பெங்களூர் டாக்டரின் பெயரைக் கண்டுபிடித்தாள்.

"அவ்ளோ பேரும் சிரிக்கிறாங்களே, அதுக்கு என்ன பண்றது?" என்று அக்கா சென்னகிருஷ்ணனிடம் கேட்டாள்.

"சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான். நம்ம பொழப்பு என்னாவறது?"

அந்த 'நம்ம' எனக்குப் புதிதாக இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பாத்திரம் துலக்க ஆள் வேண்டுமென்றால் 'அவ' என்றும், கோபம் வந்தால் 'அவன்' என்றும் ஐந்து வருடமாகச் சொல்லி வருகிற மாதம்மாள் அவள். அவளிடமிருந்து எதுவும் எதிர்பார்க்காமல்தான் நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

"அது அவ தொண்டைங்க" என்றாள் அம்மா. "பழத்த எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

நான் உரித்த பழத்தை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டேன்.

பெங்களூர் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன ப்ராப்ளம்?" என்றார். "அவங்களையே கேளுங்க சார், இன்னும் பேச்சு வருது" என்றேன். பிறகு அவர் கொஞ்சம் ஒழுங்கானார். மூன்று வழி இருக்கிறது என்றார். முதல் வழியில் கத்தியே கிடையாது, பயிற்சிதான். குரலை நெஞ்சிலிருந்து மேலே ஏற்றிப் பேசிப் பழகவேண்டும். அக்கா ஓசூரில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் எட்டு மாதம் அதைச் செய்திருந்தாள். சாயங்காலம் பழகியதையெல்லாம் மறுநாள் காலையில் மண்டி பிடுங்கிக்கொண்டது. இரண்டாவது வழி, கழுத்தின் முன்பக்கம் சின்னதாகக் கீறி, குரல்வளையின் இரண்டு குருத்தெலும்புகளை நெருக்கி இழுத்துத் தைப்பது. தைத்தால் உள்ளே இருக்கும் குரல்நாண் விறைக்கும். வீணைக்கு முறுக்காணி திருகுவது மாதிரி. மூன்றாவது, வாய் வழியாகப் போய் இரண்டு நாண்களின் முன்பகுதியையும் ஒன்றாகத் தைத்து நீளத்தைக் குறைப்பது. அதைத் தான் செய்வதில்லை என்றார்.

"ரெண்டாவதே செய்ங்க சார். அப்புறம் எப்படி இருக்கும்?" என்றாள் அக்கா.

"பதினாலு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது. ரெண்டு மூணு மாசம் கரகரப்பு இருக்கும். சில பேருக்கு நல்லா நிக்கும், சில பேருக்குத் தையல் தளர்ந்து பாதி எறங்கிடும். பயிற்சியை விடக்கூடாது. சினிமாப் பாட்டுக்காரி குரல் வரும்னு நெனைக்காதீங்க. இருமல், தும்மல் எல்லாம் பழைய மாதிரியே இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "முக்கியமா, கத்தக்கூடாது. முதல்ல கத்தினா தையல் போயிடும். அப்புறமும் பழைய கத்தல் வராது" என்றார்.

அக்கா தலையாட்டினாள். டாக்டர் அதன் பிறகு, அப்பா கையெழுத்து வேண்டுமே என்றார். நோயாளிக்கு முப்பத்தொரு வயது; அப்பா செத்துப் பதினைந்து வருடம். முப்பத்தொரு வயது ஆண் குடல்வால் எடுக்க வந்தால் அவனுடைய அப்பாவை எங்கே தேடுவீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், அக்கா என் காலை மிதித்தாள். அடுத்த வாரம் அம்மாவை அழைத்துப் போனோம். படிவத்தில் 'மகன் / மகள், தேவையில்லாததை அடிக்கவும்' என்றிருந்தது. எது எந்தப் பக்கம் என்று அம்மா என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து ஒன்றை அடித்தாள். பேப்பர் கிழிந்தது. நர்ஸ் வேறு படிவம் கொடுத்தாள். அதிலும் அதையே அடித்தாள்.

அந்த ஆபரேஷனில் முழு மயக்கம் கிடையாதாம். கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்துவிட்டு, தையலை இறுக்க இறுக்கப் பேசச் சொல்லிக் கேட்பார்களாம், குரல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று. "ஏதாவது நிறுத்தாமல் சொல்லுங்கள்" என்றிருக்கிறார் டாக்டர். அக்காவுக்கு நிறுத்தாமல் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். பச்சைத் துணிக்கு அடியில் படுத்துக்கொண்டு மூன்று மொழியிலும் தக்காளி ஏலம் விட்டிருக்கிறாள். 'ஒருதரம்' ஒரு குரலிலும், 'எரடு சாரி' இன்னொரு குரலிலும், 'மூடு சாரி' இதுவரை அவளே கேட்டிராத ஒரு குரலிலும் வந்ததாம். இதையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதிக் காட்டினாள். 'எப்படி இருந்துச்சு?' என்று கேட்டேன். பக்கத்தைத் திருப்பி, 'எங்கயோ போயிருந்த ஆளு வந்த மாதிரி' என்று எழுதினாள்.

ஐந்தாம் நாள் ஊர் திரும்பும்போது ஓசூரில் ராயக்கோட்டை பஸ் ஏறினோம். கழுத்தில் சின்னக் கட்டு, அதன்மேல் முந்தானை. பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். பெயர் வெங்கடம்மாள், உத்தனப்பள்ளிக்காரர், மகனை ஓசூரில் கம்பெனி வேலைக்குச் சேர்த்துவிட்டுத் திரும்புகிறார், இனிமேல் தோட்டத்துத் தக்காளியைத் தானே மண்டிக்குக் கொண்டுவரவேண்டும். இவ்வளவும் சிப்காட் தாண்டுவதற்குள் தெரிந்தது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"பேச்சு வராதாப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"இப்பத்திக்கு வராதுங்க."

"ஐயோ, மகாலட்சுமி மாதிரி பொண்ணு" என்று தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அக்காவுக்கு வைத்துவிட்டார். கண்டக்டர் சிரிக்காமல் டிக்கெட் கொடுத்தார். முன் சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார். ஐந்து வருடத்தில் யாரும் அக்காவை இவ்வளவு சுலபமாகப் பெண் என்று ஒப்புக்கொண்டதில்லை. டாக்டர் தையல் போட்டதெல்லாம் வீண் வேலை, வாயை மூடியிருந்தால் போதும், நாடே பெண்ணாக்கிவிடும் என்று எனக்குக் கோபமாக வந்தது. அந்த நேரம் பார்த்து மல்லிகை வாசனை மூக்கில் ஏறி அக்கா தும்மினாள். டாக்டர் சொன்னபடியே, கொஞ்சமும் குறையாத பழைய தும்மல். பஸ்ஸே திரும்பியது. நான் கர்ச்சீப்பை எடுத்து என் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

"பனி ஒத்துக்கலீங்க" என்றேன். வெங்கடம்மாள் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். உத்தனப்பள்ளியில் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பத்தாம் நாள் சென்னகிருஷ்ணன் மறுபடியும் வந்தார், இந்தத் தடவை பழம் இல்லாமல். ஆனந்த் கூவினால் பெங்களூர்க்காரர்களுக்குப் புரியவில்லை, தக்காளி தேங்குகிறது, லாரிக்காரர்கள் கத்துகிறார்கள் என்றார். அக்கா நோட்டை எடுத்து எழுதினாள்: 'துண்டு போடலாம்.' மாட்டுச் சந்தையிலும் மாங்காய் வியாபாரத்திலும் உள்ள வழக்கம் அது. தரகர் கையின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். விற்கிறவரும் வாங்குகிறவரும் துண்டுக்குள் கைவிட்டு, அவருடைய விரலைப் பிடித்தே விலையைச் சொல்வார்கள். சத்தம் வேண்டாம், மொழியும் வேண்டாம். சென்னகிருஷ்ணன் தாடையைச் சொறிந்துவிட்டு, "கைக்குத் தையல் இல்லியே? வா" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா கிரேட்டின்மேல் ஏறி, வலது கையை நீட்டி, நீலத்துண்டை அதன்மேல் போட்டுக்கொண்டாள். வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். முதலில் திருமலைதான் எப்போதும் கேட்பார். முன்னால் வந்தார், கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்தினார்.

"இது சரிப்படாது சாமி" என்று சென்னகிருஷ்ணனைப் பார்த்துச் சொன்னார். "பொம்பள கையத் துண்டுக்குள்ள புடிச்சா, ஊர்ல எனக்கு மரியாத இருக்குமா?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஐந்து வருடமாக அந்த மண்டியில் யாராவது ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்களா என்று நாங்கள் காத்திருந்தோம். சொல்லிவிட்டார்கள். அவள் வேலையைப் பிடுங்குவதற்கு அது தேவைப்பட்டபோது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

"ஏம்மா, ஒரே ஒரு வாட்டி" என்றார் சென்னகிருஷ்ணன், குரலைத் தாழ்த்தி. "மெல்லமா கூவேன். ஒருதரம், ரெண்டுதரம், அவ்ளோதான். ஒண்ணும் ஆவாது."

எல்லோரும் அக்காவின் கழுத்தைப் பார்த்தார்கள், முகத்தை இல்லை. அவளுடைய நெஞ்சு நிறைவதை நான் கண்டேன். கூவுவதற்கு முன் பதின்மூன்று வருடமாக அப்படித்தான் நிறையும். 'வேணாங்கா' என்று சொல்ல வந்து, அதுவும் அவள் தொண்டைமேல் ஒரு உரிமை கொண்டாடல்தான் என்று தோன்றி வாயை மூடிக்கொண்டேன். அவளுடைய மூக்கு விடைத்தது. பிறகு நிறைந்த காற்றெல்லாம் மெதுவாக, சத்தமே இல்லாமல் வெளியே போனது. நீட்டிய கை அப்படியே இருந்தது.

கிரேட்டுகளுக்கு நடுவிலிருந்து வெங்கடம்மாள் வந்தார். பின்னால் அவருடைய தக்காளி, முதல் தடவையாக அவரே ஏற்றிக்கொண்டு வந்தது.

"நீயாம்மா?" என்றார்.

"நல்லா ஏமாந்தீங்க" என்று ஆனந்த் சிரித்தான். "அது பொம்பளயே இல்லீங்க, தெரியுமா?"

ஐந்து நிமிடத்துக்குள் மண்டி இரண்டு தீர்ப்பு சொல்லியிருந்தது. ஒன்றுக்கொன்று நேர் எதிர், இரண்டும் அவளுக்கு எதிராக. வெங்கடம்மாள் ஆனந்தைப் பார்க்கவில்லை. அக்கா நின்ற கிரேட்டுக்குப் பக்கத்தில் வந்தார்.

"அன்னிக்கு பஸ்ஸுல தும்முனது நீதான?"

அக்கா தலையாட்டினாள். வெங்கடம்மாள் என் பக்கம் திரும்பி, "இந்த எருமதான் மூக்கத் தொடச்சுது" என்றார். பிறகு முந்தானையில் கையை இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, துண்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்து, விலை சொல்ல உள்ளே விட்டார்.

ஒரு பெங்களூர்க்காரர் தன் லாரியைப் பார்த்து, எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். இன்னொன்றும் நின்றது. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் அத்தனை ஆண்களும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். திருமலை இரண்டடி முன்னால் வந்திருந்தார்; வலது கையை வேட்டியில் தேய்ப்பது அவருக்கே தெரிந்ததா என்று சொல்ல முடியாது. நீலத்துண்டுக்கு அடியில் ஒரு விரல் நிமிர்ந்தது, மடங்கியது, இன்னொன்று நிமிர்ந்தது.